அதீனாவின் கண்களுக்கு என்ன நிறம் தீட்டுவது? கிரேக்கத் தெய்வங்களின் உருவம் பற்றிய விவாத இழை

செங்காந்தள்:

அனைவருக்கும் வணக்கம். பத்து முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்காகக் கிரேக்கத் தொன்மக் கதைகளைத் தமிழில் எழுதி வருகிறேன். எழுத்து வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. ஓவியத்தில் வந்து தடுமாறி நிற்கிறேன். ஓவியர் அனுப்பிய முதல் வரைவுகளில் ஒலிம்பஸ் மலைத் தெய்வங்கள் அனைவரும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெளுத்த மேனியும், பொன்னிற முடியும், நீலக் கண்களும் கொண்டு, ஒரே அச்சில் வார்த்தவர்களைப் போல இருக்கிறார்கள். தெய்வங்களின் அரசன் ஜீயஸையும் கடல் தெய்வம் பொசைடனையும் கையில் உள்ள ஆயுதத்தைக் கொண்டுதான் பிரித்தறிய முடிகிறது. ஓவியர் மீது குறையில்லை. அவருக்குக் கிடைத்த மாதிரிப் படங்கள் அப்படிப்பட்டவை.

என் கேள்வி இதுதான். தம் தெய்வங்கள் எப்படி இருப்பார்கள் என்று கிரேக்கர்கள் எங்காவது தெளிவாகச் சொல்லியிருக்கிறார்களா? இலியட் காவியம் பாடிய ஹோமர், அறிவின் தேவி அதீனாவைக் ‘கிளௌகோபிஸ்’ என்று அழைக்கிறார். அது ஒரு மொழிபெயர்ப்பில் சாம்பல் விழியாகவும், இன்னொன்றில் நீல விழியாகவும், வேறொன்றில் ஒளிவிழியாகவும் இருக்கிறது. ஆந்தை விழி என்று பொருள் கொள்பவர்களும் உண்டு. ஜீயஸின் மனைவி ஹீராவுக்கு ‘போவோபிஸ்’ என்று பெயர். பசுவின் கண்களை உடையவள் என்று பொருள். மான்விழியும் கயல்விழியும் நமக்குப் பழக்கம் என்பதால் பசுவிழி எனக்கு உறுத்தவில்லை. ஆனால் அதீனாவின் கண்ணுக்கு எந்த வண்ணக் குப்பியைத் திறப்பது என்று ஓவியருக்கு நான் சொல்லியாக வேண்டும்.

ஏட்டுச்சுவடி:

நல்ல கேள்வி, அம்மா. நேரடியான விடை சொன்னால் ஏமாற்றமாக இருக்கும். ஹோமர் எந்தத் தெய்வத்தின் முகத்தையும் வர்ணிப்பதில்லை. மூக்கு எப்படி, தாடை எப்படி, நிறம் என்ன என்று அவரிடம் தேடினால் கிடைக்காது. அவர் தருவது ஓர் அடைமொழி. அந்த ஒரு சொல்லையே ஆயிரம் வரிகளுக்கு அப்பாலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார். கடல் தேவதை தீட்டிஸ் வெள்ளிப் பாதத்தாள், விடியல் தேவி ஈயோஸ் ரோஜா விரலாள், ஹீரா வெண்கரத்தாள், பொசைடன் கருங்கூந்தலான், அப்பல்லோ மழிக்காத முடியுடையான்.

இலியட்டின் 14ஆம் பகுதியைப் பாருங்கள். ஜீயஸை மயக்க ஹீரா ஒப்பனை செய்துகொள்ளும் இடம் அது. அமுதத்தால் மேனியைத் துடைக்கிறாள். அவள் பூசும் எண்ணெயைச் சற்று அசைத்தாலே விண்ணும் மண்ணும் மணக்கின்றன. கூந்தலைத் தானே வாரிப் பின்னுகிறாள். அதீனா நெய்து கொடுத்த ஆடையைப் பொன் ஊசிகளால் மார்பில் பொருத்துகிறாள். நூறு குஞ்சம் தொங்கும் கச்சை, முசுக்கட்டைப் பழம் போல மும்மணி தொங்கும் காதணி, சூரியனைப் போல வெளுத்த முக்காடு, கடைசியாகக் காலணி. இத்தனையும் சொல்லும் கவிஞர் அவள் முகத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட்பவர் ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பேரழகை அந்த முக்காட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம்.

இனி உங்கள் கிளௌகோபிஸ். ‘கிளௌகோஸ்’ என்ற சொல்லை ஹோமர் கடலுக்குச் சொல்கிறார். பிற்காலத்தில் நாடகக் கவிஞர் சோஃபொக்லீஸ் ஆலிவ் மரத்துக்குச் சொல்கிறார். பாயப் போகும் சிங்கத்தின் கண் தீப்போலச் சுடர்வதைக் காட்டவும் இலியட் இதே வேரில் பிறந்த சொல்லைத்தான் எடுக்கிறது. ஆந்தைக்குக் கிரேக்கத்தில் ‘கிளௌக்ஸ்’ என்று பெயர். ஆலிவ் இலையின் அடிப்புறம், வெயிலில் மினுங்கும் கடல், இருட்டில் எரியும் விலங்கின் கண் ஆகிய மூன்றையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நிறத்தைவிட மினுக்கம்தான் அந்தச் சொல்லின் உயிர். இலியட்டின் முதல் பகுதியில் கிரேக்க வீரன் அகிலீஸ் வாளை உருவும்போது அதீனா பின்னால் வந்து அவன் தலைமுடியைப் பற்றி இழுக்கிறாள். வேறு யார் கண்ணுக்கும் அவள் தெரியவில்லை. அவன் திரும்புகிறான், உடனே அடையாளம் கண்டுகொள்கிறான். அவள் கண்கள் அச்சமூட்டும்படி ஒளிர்ந்தன என்கிறார் கவிஞர். அந்த இடத்தில் நீலமா, சாம்பலா என்று கேட்கவே தோன்றாது.

வடகரை வாசகன்:

ஏட்டுச்சுவடி ஐயாவின் விளக்கம் அழகானது. ஆனால் நிறத்தைப் பற்றி அவர்கள் பேசவே இல்லை என்று முடித்துவிட முடியாது. விளைச்சலின் தேவி டெமீட்டர் ‘ஸந்தே’, அதாவது பொன்னிறக் கூந்தலாள். கவிஞர் பிண்டார் அதீனாவையே அந்தச் சொல்லால் அழைக்கிறார். அப்பல்லோவைப் பொன்முடியான் என்கிறார். அழகின் தேவி அஃப்ரோடைட்டி ஹோமரிடத்திலேயே பொன்னானவள். ஹீராவின் கரம் வெண்கரம் என்பதைத் தாங்களே சொன்னீர்கள். அப்படியிருக்க, ஓவியர் வெள்ளை மேனியும் பொன்முடியும் போட்டதில் என்ன பிழை? இக்கால விருப்பத்துக்காகப் பழைய நூலை வளைக்கக் கூடாது என்பது என் கவலை. இதை வாதத்துக்காகச் சொல்லவில்லை. பிள்ளைகள் படிக்கப் போகும் நூல் என்பதால் சொல்கிறேன்.

ஏட்டுச்சுவடி:

உங்கள் கவலை நியாயமானது. ஆதாரத்தை விட்டு விலகக் கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம்தான். அதே ஆதாரத்தை முழுமையாக எடுத்துக்கொள்வோம்.

பொன்முடி உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ‘ஸந்தோஸ்’ என்பது தேனின் பழுப்பிலிருந்து பொன்வரை நீளும் சொல். மறுபுறம், பொசைடனின் முடிக்கும் ஜீயஸின் புருவத்துக்கும் ஹோமர் சொல்லும் ‘கியானோஸ்’ என்பது கருநீலப் பளிங்கின் நிறம்; தமிழில் மைவண்ணம் என்றால் பொருந்தும். மதுவின் தெய்வம் டயோனிசஸைப் பற்றிய ஹோமரியத் துதிப்பாடல் ஒன்று உண்டு. கடற்கரையில் நிற்கும் இளைஞனைக் கப்பலோட்டிகள் அரசகுமாரன் என்று நினைத்துக் கட்டித் தூக்கிச் செல்கிறார்கள். அவனுக்குக் கரிய கூந்தல் தோளில் அலைபாய்கிறது. ஊதாநிறப் போர்வை போர்த்தியிருக்கிறான். கட்டிய கொடிகள் தாமாகவே கழன்று விழ, அவன் கரிய கண்களில் புன்னகையோடு உட்கார்ந்திருக்கிறான். ஆகவே ஒலிம்பஸில் பொன்முடியும் உண்டு, கார்குழலும் உண்டு. எல்லாரையும் ஒரே குப்பியிலிருந்து தீட்டுவதுதான் நூலுக்கு எதிரானது.

வெண்கரம் என்பது இனத்தின் நிறத்தைச் சொல்வதல்ல. வீட்டுக்குள் இருந்து நெய்யும் உயர்குடிப் பெண்ணின் கரம், வெயிலில் கறுக்காத கரம் என்பதே அதன் பொருள். மனிதப் பெண்களான ஆண்ட்ரமாக்கியையும் நௌசிக்காவையும் ஹோமர் அதே சொல்லால் அழைக்கிறார். ஏதென்ஸ் நகரத்துக் கருவுருக் (கரிய உருவம் தீட்டிய) கலயங்களில் ஆண்களின் உடலைக் கருமையாகவும் பெண்களின் உடலை வெண்மையாகவும் தீட்டுவது வழக்கம். ஹெர்மீஸ் கரியவர், அவருடைய சகோதரி அதீனா வெளுத்தவர் என்று யாரும் அதற்குப் பொருள் கொள்ளவில்லை. கி.மு. 530 வாக்கில் செவ்வுருக் (சிவந்த உருவம் கொண்ட) கலயங்கள் வந்தபோது ஆண், பெண் இருவருமே சுட்ட மண்ணின் நிறத்துக்கு மாறிவிட்டார்கள்.

இந்தக் கேள்வியைக் கிரேக்கர்களே கேட்டுக்கொண்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் பிறந்த கொலொஃபோன் நகரத்துத் தத்துவஞானி ஸெனோஃபனீஸ், எத்தியோப்பியர்கள் தம் கடவுளரைச் சப்பை மூக்கும் கறுத்த மேனியும் உடையவர்கள் என்றும், திரேசியர்கள் நீலக் கண்ணும் செம்முடியும் உடையவர்கள் என்றும் சொல்வதாக எழுதினார். மாட்டுக்கும் குதிரைக்கும் கையிருந்து வரையத் தெரிந்திருந்தால், குதிரை தன் தெய்வத்தைக் குதிரையாகவும் மாடு தன் தெய்வத்தை மாடாகவும் வரைந்திருக்கும் என்றார்.

உளிமுனை:

நான் மெழுகு அச்சில் உலோகப் படிமம் வார்ப்பவன். நூலறிவு எனக்குக் குறைவு. ஆனால் சில ஆண்டுகளுக்கு முன் ஏதென்ஸ் தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில் ஒரு பகல் முழுவதும் நின்றிருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே ஆர்ட்டெமிசியான் முனைக்கு அருகே 1926லும் 1928லும் கடலிலிருந்து எடுத்த வெண்கலச் சிலை ஒன்று இருக்கிறது. உயரம் 2.09 மீட்டர், கி.மு. 460ஐ ஒட்டிய காலத்தது. இடது கை முன்னே நீண்டு குறி பார்க்கிறது, வலது கை பின்னே எதையோ ஓங்கியிருக்கிறது. அந்த எதையோ கடல் கொண்டுபோய்விட்டது. வஜ்ராயுதம் என்றால் அவர் ஜீயஸ். திரிசூலம் என்றால் பொசைடன். இன்றுவரை அறிஞர்கள் வாதிடுகிறார்கள். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்பதுதான் இதில் நாம் கவனிக்க வேண்டியது. தாடியும் முடிப்பின்னலும் இருவருக்கும் பொது. செங்காந்தள் அம்மா குறையாகச் சொன்னது, ஆயுதத்தைக் கொண்டுதான் அடையாளம் தெரிகிறது என்பது, கிரேக்கச் சிற்பிக்கே இருந்த நிலைமைதான்.

ஆனால் என்னை அங்கே நிறுத்திவைத்தது கண்கள். இரண்டும் வெறும் குழிகள். எங்கள் தொழிலில் கண் திறப்பது கடைசி வேலை. உளியால் கோடு இழுத்துக் கருவிழி கொடுப்போம். கிரேக்கச் சிற்பிகள் கண்ணைத் தனியாகச் செய்து குழியில் பதித்திருக்கிறார்கள். எலும்பும் கல்லும் கண்ணாடியும் பயன்பட்டன. இமை மயிருக்குச் செப்புத் தகட்டை நுணுக்கமாக வெட்டிச் செருகுவார்கள். டெல்ஃபியில் 1896இல் கிடைத்த தேரோட்டியின் சிலையில் அந்தக் கண்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. அவன் தெய்வமில்லை, வெறும் தேரோட்டி. ஆனாலும் அவன் பார்வைக்கு நேரே நின்றால் ஓர் அடி தள்ளி நிற்கத் தோன்றும். அந்த மாதிரிக் கண்கள் அந்தக் கடல் சிலையிலும் இருந்த நாளில் அதன் முன் நின்றவன் எப்படி நடுங்கியிருப்பான் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன ஒளிர்வு எனக்கு அங்கேதான் புரிந்தது.

வெள்ளைப் பளிங்கு பற்றியும் ஒரு சொல். அது நாம் பிறகு கண்ட வெள்ளை. பளிங்குச் சிலைகளுக்கு முடி, கண், உதடு, ஆடைக் கரை என்று வண்ணம் தீட்டினார்கள். தம் சிலைகளில் எது சிறந்தது என்று சிற்பி பிராக்ஸிட்டிலீஸைக் கேட்டபோது, ஓவியர் நிக்கியாஸ் கை வைத்தவைதான் என்றாராம், ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். மண்ணில் புதைந்தும் மழையில் நனைந்தும் வண்ணம் உதிர்ந்தது. மிச்சத்தைப் பிற்காலத்தவர் சுரண்டினார்கள். லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பார்த்தெனன் கோயில் சிற்பங்களை 1937-38இல் வெளுக்கத் தேய்த்ததைப் படித்தபோது, ஒரு தொழிலாளியாக எனக்கு வயிறு எரிந்தது. ஜெர்மானிய ஆய்வாளர் வின்சென்ஸ் பிரிங்க்மன் பக்கவாட்டு ஒளியிலும் புற ஊதா ஒளியிலும் சிலைகளை ஆராய்ந்து, எஞ்சிய தடயங்களைக் கொண்டு வண்ண மறுபடிகள் (நகல்கள்) செய்தார். 2003இல் மியூனிக்கில் அவை காட்சிக்கு வந்தன. உங்கள் ஓவியருக்கு அந்தப் படங்களைக் காட்டுங்கள்.

செங்காந்தள்:

உளிமுனை ஐயா, மனம் நிறைந்த நன்றி. பிரிங்க்மன் செய்த மறுபடிகளின் படங்களை இன்று காலையே ஓவியருக்கு அனுப்பினேன். முதலில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. இவ்வளவு அடர்த்தியான சிவப்பும் நீலமுமா என்று கேட்டார். யூரிபிடீஸின் நாடகத்தில் ஹெலன், சிலையிலிருந்து வண்ணத்தைத் துடைத்தெடுப்பது போலத் தன் அழகைத் துடைத்துவிட முடிந்தால் என்று ஏங்கும் இடத்தைச் சொன்னேன். வண்ணம் போனால் சிலை அழகிழந்துவிடும் என்பது நாடகம் பார்ப்பவர்களுக்குத் தெரிந்த செய்தியாக இருந்தால்தானே அப்படி ஒரு வரி எழுத முடியும்? அதற்குப் பிறகு அவர் மறுத்துப் பேசவில்லை.

ஒரு துணைக்கேள்வி. கோயிலுக்குள் இருந்த பெரிய சிலைகள் தந்தமும் பொன்னும் என்று படித்திருக்கிறேன். அப்படியானால் மேனி வெண்மைதானே?

ஏட்டுச்சுவடி:

ஆம், அங்கே மேனி தந்தம், ஆடையும் முடியும் பொன். சிற்பி ஃபிடியாஸ் செய்த அதீனா கி.மு. 438இல் பார்த்தெனனில் நிறுவப்பட்டாள். உயரம் ஏறக்குறைய 12 மீட்டர். அவள் மீது 40 தாலந்து பொன் இருந்ததாகவும், தேவைப்பட்டால் அதைக் கழற்றி எடுக்கலாம் என்றும் ஏதென்ஸ் தலைவர் பெரிக்லீஸ் சொன்னதாக வரலாற்றாசிரியர் துசிடைடீஸ் எழுதுகிறார். இன்றைய கணக்கில் ஆயிரம் கிலோவுக்கு மேல் வரும். வலது உள்ளங்கையில் ஆள் உயரத்து வெற்றித் தேவதை, மார்பில் பாம்புமுடி அரக்கி மெதூசாவின் தலை, தலைக்கவசத்தின் நடுவில் ஸ்பிங்ஸ். ஒலிம்பியாவின் ஜீயஸும் அதே கையால் ஆனவர். அமர்ந்த நிலையிலேயே கூரையை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டிருந்தார்; எழுந்து நின்றால் கோயில் கூரையைப் பெயர்த்துவிடுவார் என்று புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதினார். அந்தத் தந்தம் ஈரத்தால் கெடாமல் இருக்கச் சிலையின் முன்னே கறுப்புக் கல் பாவிய தளத்தில் எண்ணெய் நின்றது என்கிறார் பயண எழுத்தாளர் பௌசானியஸ். மங்கிய கோயிலுக்குள் வாயில் வெளிச்சம் எண்ணெயில் பட்டு மேலே தெறிக்க, தந்தம் மஞ்சள் படர்ந்து உயிருள்ள தோலைப் போல ஒளிர்ந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொள்வேன். அது சுண்ணாம்பு வெண்மையாக இருந்திருக்காது.

எந்த மாதிரியைப் பார்த்து ஜீயஸைச் செய்யப் போகிறீர் என்று உறவினரான ஓவியர் பனைனஸ் கேட்டபோது, ஃபிடியாஸ் இலியட்டின் மூன்று வரிகளைச் சொன்னாராம். ஜீயஸ் தம் கரிய புருவத்தை அசைத்து ஒப்புதல் தருகிறார், அமுத முடி முன்னே சரிகிறது, ஒலிம்பஸ் மலை குலுங்குகிறது. ஒரு புருவ அசைவை வைத்துக்கொண்டு அந்த மாபெரும் உருவத்தை எழுப்பியிருக்கிறார்.

அதீனாவின் கண்ணுக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸுக்கு வந்த பௌசானியஸ், கொல்லர் தெய்வமான ஹெஃபைஸ்டஸின் கோயிலில் இருந்த அதீனா சிலையின் கண்கள் கிளௌகோஸ் நிறத்தில் இருந்ததைத் தம் கண்ணால் பார்த்து எழுதுகிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம் லிபியாவின் கதை. அங்கே அவள் பொசைடனுக்கும் டிரிட்டோனிஸ் ஏரிக்கும் பிறந்தவள். ஆகவே தகப்பனைப் போலக் கடல்நிறக் கண். அதற்கு முன்பே, கி.மு. 45ஐ ஒட்டி ரோம எழுத்தாளர் சிசரோ எழுதிய உரையாடலில், ஜூபிட்டருக்கு (ரோமரின் ஜீயஸ்) எப்போதும் தாடி, அப்பல்லோவுக்கு எப்போதும் மழுமழுத்த முகம், மினர்வாவுக்கு (அதீனா) சாம்பல் நிறக் கண், நெப்டியூனுக்கு (பொசைடன்) நீலக் கண் என்று நம்பத்தான் வேண்டுமா என ஒருவர் கேட்கிறார். உங்கள் வண்ணக் குப்பியின் கேள்வி இரண்டாயிரம் ஆண்டு பழையது, அம்மா.

நெய்தல்:

இந்த இழையில் உருவத்தைப் பற்றியே பேசுகிறோம். உருவம் எடுப்பதற்கு முன் இருந்ததையும் குறிப்பிட வேண்டும். தெஸ்பியாவில் காதல் தெய்வம் ஈரோஸ் வெறும் செதுக்காத கல். சாமோஸ் தீவின் ஹீரா தொடக்கத்தில் ஒரு பலகை. ஆர்க்கேடியாவின் ஃபிகாலியாவில், குகைக்குள் இருந்த கறுப்பு டெமீட்டருக்குப் பெண்ணுடலும் குதிரைத் தலையும். எந்த நகரத்திலும் மக்கள் வணங்கியது தம் ஊரில் இருந்த வடிவத்தைத்தான். ஒலிம்பஸ் தெய்வங்கள் பன்னிருவர் பட்டியலில் உள்ள பொதுவான டெமீட்டரை அவர்கள் தேடவில்லை. ஹெர்மீஸும் டயோனிசஸும் பழைய கலயங்களில் தாடியுடன் நிற்கிறார்கள். பின்னர் நூறாண்டுக்குள் தாடி போய் இளைஞர்கள் ஆகிறார்கள். மெதூசாவுக்கு முதலில் கோரைப்பல்லும் தொங்கும் நாக்கும், பிறகு அழகி. நூலில் ஒரு பக்கத்தையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

வடகரை வாசகன்:

ஏட்டுச்சுவடி ஐயாவின் விளக்கங்களுக்குப் பிறகு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். பொன்முடி சிலருக்கு மட்டும் என்பதை ஏற்கிறேன். நேற்று டெமீட்டரின் துதிப்பாடலை மறுபடி படித்தேன். நான் சுட்டிய பொன்முடி அங்கே எப்படி வருகிறது என்பதை இதுவரை கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

மகளை இழந்த டெமீட்டர், பிள்ளை பெறும் பருவம் கடந்த கிழவியாக எலியூசிஸ் ஊரில் கிணற்றோரம் உட்கார்ந்திருக்கிறாள். அரசன் வீட்டில் செவிலியாக வேலை கிடைக்கிறது. வாசலில் கால் வைக்கும்போது ஒரு கணம் அவள் தலை உத்தரத்தைத் தொடுகிறது, வாயில் முழுவதும் ஒளி நிறைகிறது. வீட்டுக்காரி மெட்டனைரா காரணம் புரியாமலே மனம் நடுங்கித் தன் இருக்கையிலிருந்து எழுந்து இடம் கொடுக்கிறாள். பிறகு டெமீட்டர் அந்த வீட்டுக் குழந்தையை இரவில் நெருப்பில் வைத்து அமரனாக்க முயல்வதும், தாய் பார்த்து அலறுவதும், தேவி சினம் கொள்வதும் நடக்கின்றன. அப்போதுதான் முதுமை அவளைவிட்டு உதிர்கிறது. ஆடையிலிருந்து நறுமணம் பரவுகிறது. மேனியின் ஒளி தூரம்வரை வீசுகிறது. பொன்னிறக் கூந்தல் தோளில் விழுகிறது. மின்னல் அடித்தது போல வீடு வெளிச்சமாகிறது. முதலில் வளர்ச்சி, பிறகு மணம், பிறகு ஒளி, அந்த ஒளிக்குள் ஒரு கூறாகக் கூந்தல். நான் கூந்தலை மட்டும் பிய்த்தெடுத்து ஆதாரமாக்கியது தவறு.

மற்ற இடங்களும் இப்படித்தான். கிழவி வேடத்தில் வரும் அஃப்ரோடைட்டியை ஹெலன் கழுத்தின் அழகையும் மின்னும் கண்களையும் கொண்டு கண்டுகொள்கிறாள். குறிசொல்லி கால்கஸின் உருவில் வந்த பொசைடனை, அவர் திரும்பிப் போகும்போது கால்களின் நடையை வைத்தே கிரேக்க வீரன் சின்ன அயாஸ் அடையாளம் காண்கிறான். போர்த் தெய்வம் ஏரீஸ் விழுந்தால் ஏழு பிலெத்ரம் நிலத்தை மூடுகிறான். ஏறத்தாழ இருநூறு மீட்டர். தெய்வங்களுக்குக் காயம் பட்டால் வருவது குருதியில்லை, இக்கோர் என்ற அமரத் திரவம். அவர்கள் மனிதர் உண்ணும் ரொட்டியும் மதுவும் உண்ணாதவர்கள் என்பதால்.

மலையோரம்:

இழை தொடங்கியதிலிருந்து படித்து வருகிறேன். ஹெஃபைஸ்டஸைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு மூன்று வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து வலது கால் மெலிந்துவிட்டது. பள்ளி நூலகத்தில் இருந்த ஒரு கதைப் புத்தகத்தில் ‘நொண்டிக் கடவுள்’ என்று எழுதியிருந்தார்கள். படத்தில் மட்டும் திரண்ட தோளும் திரண்ட தொடையுமாக ஒரு கொல்லர் நின்றார். கால்களை நெருப்பின் பின்னால் மறைத்து வரைந்திருந்தார்கள். பத்து வயதில் அந்தப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று சொல்லத் தெரியவில்லை.

இலியட்டின் 18ஆம் பகுதியில் மறைப்பு எதுவும் இல்லை. தீட்டிஸ் வந்திருக்கிறாள் என்று கேட்டதும் அவர் பட்டறைக்கல்லை விட்டு எழுகிறார். பேருடல், மூச்சிரைப்பு, நொண்டி நடை. அடியில் மெலிந்த கால்கள் சுறுசுறுப்பாக இயங்குகின்றன. துருத்திகளை நெருப்பிலிருந்து விலக்கிவைக்கிறார். கருவிகளை வெள்ளிப் பெட்டிக்குள் அடுக்குகிறார். பஞ்சால் முகத்தையும் இரு கைகளையும் தடித்த கழுத்தையும் மயிரடர்ந்த மார்பையும் துடைக்கிறார். சட்டை போட்டு, தடித்த கோலை ஊன்றி வெளியே வருகிறார். அவரே செய்த பொற்பாவையர் இருபுறமும் தாங்கி வருகிறார்கள். வேறெந்தத் தெய்வத்தையும் ஹோமர் இவ்வளவு அருகில் சென்று பார்க்கவில்லை. முகமே சொல்லாத கவிஞர் இவருக்கு மட்டும் வியர்வையைக்கூடச் சொல்கிறார்.

ஃபுளோரன்ஸில் உள்ள பிரான்சுவா கலயம் கி.மு. 570ஐ ஒட்டியது. அதில் அவர் கோவேறு கழுதை மீது ஒலிம்பஸுக்குத் திரும்புகிறார். பாதம் பின்னோக்கித் திரும்பியிருப்பதை ஓவியர் ஒளிக்காமல் வரைந்திருக்கிறார். பிறகு ஏதென்ஸில் சிற்பி அல்கமெனீஸ் செய்த ஹெஃபைஸ்டஸ் ஆடை உடுத்தி நின்றார், ஊனம் இலேசாகத் தெரிந்தது, ஆனால் அருவருப்பாக இல்லை என்று சிசரோ புகழ்கிறார். எனக்கு அந்தக் கலயத்து ஓவியரைத்தான் பிடிக்கிறது.

செங்காந்தள் அம்மா, காலை வரையச் சொல்லுங்கள். முழுவதும் வரையச் சொல்லுங்கள். ‘நொண்டி’ என்ற சொல்லும் வேண்டாம். இலியட்டின் 21ஆம் பகுதியில் ஹீரா அவரை உதவிக்கு அழைக்கும்போது, வளைந்த காலுடையவனே, எழுந்திரு, என் பிள்ளையே என்கிறாள். பிறந்ததும் தூக்கி எறிந்த அதே தாய். அந்த விளியை அப்படியே வைத்தால் போதும்.

செங்காந்தள்:

மலையோரம் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுத முடியவில்லை. என் கையெழுத்துப் படியில் அந்தச் சொல் நான்கு இடங்களில் இருந்தது, நான்கையும் நீக்கிவிட்டேன். பஞ்சால் கழுத்தைத் துடைக்கும் காட்சியையே முழுப்பக்க ஓவியமாகக் கேட்டிருக்கிறேன். பின்னணியில் நெருப்பு இருக்கும், கால்களுக்கு முன்னே எதுவும் இருக்காது.

மற்ற முடிவுகளையும் சொல்லிவிடுகிறேன். டெமீட்டருக்கும் அப்பல்லோவுக்கும் பொன்னிறமும், ஜீயஸ், பொசைடன், டயோனிசஸ் மூவருக்கும் மைவண்ணமும் முடிக்கு வரும். மேனி நிறம், வெயிலில் வாழும் மத்தியதரைக் கடல் மக்களின் கோதுமைப் பழுப்பு. அதிலும் ஆளுக்கு ஆள் வேறுபாடு இருக்கும். டெமீட்டரின் படத்தில் கிழவியையே வரைகிறோம். தலை மட்டும் உத்தரத்தைத் தொடும், நிழல் விழ வேண்டிய இடத்தில் வெளிச்சம் விழும்.

சொற்களில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. ஈயோஸின் ரோஜா விரல்களைக் ‘காந்தள் விரல்’ என்று எழுதியிருக்கிறேன். அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக விரியும் காந்தள் இதழ் அப்படியே விடியல்தான். சங்கப் புலவர்கள் மகளிர் விரலுக்குச் சொன்ன பூ என்பதால் என் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. வைக்கலாமா?

ஏட்டுச்சுவடி:

எவ்வளவு அழகாக இருந்தாலும் எடுத்துவிடுங்கள், அம்மா. காந்தள் என்றதும் நம் வாசகருக்குக் குறிஞ்சி நிலமும் மலைச்சாரல் மழையும் வந்து நிற்கும். ஏஜியன் கடல் மறைந்துபோகும். ரோஜா எல்லாப் பிள்ளைக்கும் தெரிந்த பூ. ‘ரோஜா விரல் வைகறை’ என்றே இருக்கட்டும்.

செங்காந்தள்:

எடுத்துவிட்டேன். மனமில்லாமல்தான். அதீனாவை ‘சுடர்விழி’ என்று எழுதியிருக்கிறேன். படத்தில் அகிலீஸின் முடியைப் பற்றியிருக்கும் கையும், அவன் தோளுக்கு மேலே இருட்டில் இரண்டு கண்களும் மட்டும் இருக்கும். விழிக்குச் சாம்பல் கலந்த பச்சை என்று ஓவியர் முடிவு செய்திருக்கிறார். ஒளிர்வு வரவில்லை என்று வருந்துகிறார். மூன்று முறை தீட்டிப் பார்த்துவிட்டாராம்.

உளிமுனை:

வண்ணத்தைக் கூட்டினால் ஒளி வராது, அம்மா. இரண்டு வழி சொல்கிறேன். கண்ணைச் சுற்றி இமை மயிரைச் செப்பு நிறத்தில், ஒவ்வொன்றாக, கூர்மையாக இழுக்கச் சொல்லுங்கள். தேரோட்டி சிலையில் பார்வைக்கு வலு கொடுப்பது அதுதான். பிறகு கருவிழிக்கு மேல் ஓர் எள்ளளவு இடத்தில் எதையும் தீட்டாமல் வெறும் தாளாக விட்டுவிடச் சொல்லுங்கள். அடுத்த படி வந்ததும் இங்கே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.